வகுப்பே நடக்கல, ஆனா 'ஏ' கிரேடு! 18 வருஷ மோசடியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தண்டனையில்லாமல் தப்பியது எப்படி?

அமெரிக்காவின் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு. பேராசிரியர் வர மாட்டார். மாணவர்களும் போக வேண்டாம். அட்டெண்டன்ஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். அதைப் பார்த்து மார்க் போடுவதும் பேராசிரியர் இல்லை, துறை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர். பெரும்பாலும் 'ஏ' கிடைக்கும், இல்லாவிட்டால் 'பி'.

ஏதோ ஒரு செமஸ்டர் நடந்த கூத்து இல்லை இது. 1993 முதல் 2011 வரை 18 ஆண்டுகள் நடந்தது. 3,100-க்கும் அதிகமான மாணவர்கள் இப்படி 'படித்தார்கள்'. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பல்கலைக்கழக அணிகளுக்கு ஆடிய விளையாட்டு வீரர்கள்.

விஷயம் வெளியே வந்து, விசாரணை மேல் விசாரணை நடந்து, கடைசியில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைக் கட்டுப்படுத்தும் என்சிஏஏ அமைப்பு 2017 அக்டோபர் 13-ம் தேதி முடிவைச் சொன்னது. பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை.

போட்டியில் தான் அணிந்த ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார் என்பதற்காக ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ.ஜே. கிரீனை 2010-ல் 4 ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்த அதே அமைப்புதான் இது. அப்படியிருக்க, இது எப்படி நடந்தது?

கல்லூரி விளையாட்டில் இவ்வளவு பணமா?

'காலேஜ் டீம்' என்றதும் மரத்தடியில் நாலு பேர் கைதட்டும் மேட்ச் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலும் கூடைப்பந்தும் பெரிய தொழில். (ஃபுட்பால் என்றால் அங்கே கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.) என்சிஏஏ நடத்தும் ஆண்கள் கூடைப்பந்துத் தொடரை ஒளிபரப்ப 2010-ல் போடப்பட்ட 14 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் 1,080 கோடி டாலர்.

இவ்வளவு பணம் புரளும் ஆட்டத்தில், ஆடுகிற பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. பல பத்தாண்டுகளாக அதுதான் சட்டம். அவர்கள் தொழில்முறை வீரர்கள் இல்லை, முதலில் மாணவர்கள், பிறகுதான் வீரர்கள் என்பது என்சிஏஏ சொன்ன காரணம். சம்பளத்துக்குப் பதிலாக ஸ்காலர்ஷிப் கிடைக்கும். அதாவது ஆட்டத்துக்குக் கூலி, படிப்பு.

இந்தக் கொள்கையைக் காப்பாற்ற விதிப்புத்தகம் தடிமனாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்திலும் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதற்கென்றே தனி அலுவலகம். யார் யாருக்கு விருந்து வைத்தது, யார் காரில் போனது, யார் கையெழுத்தைக் காசுக்கு விற்றது எல்லாம் விசாரணைக்கு வரும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் 5 பேர் தங்களுக்குக் கிடைத்த மோதிரம், பரிசுப் பொருட்களை விற்றதற்கும், சலுகை விலையில் பச்சை குத்திக்கொண்டதற்கும் 2010 டிசம்பரில் ஆளுக்கு 5 ஆட்டங்கள் தடை வாங்கினார்கள். விஷயம் தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரெசல் 2011 மே மாதம் பதவி விலகினார்.

சாப்பாட்டுக்குக்கூடக் கணக்கு உண்டு. 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக் கோப்பையை வென்ற நேரத்தில், அதன் நட்சத்திர வீரர் ஷபாஸ் நேப்பியர், தான் பசியோடு படுக்கப்போன இரவுகள் உண்டு என்று சொன்னார். நாடே அதிர்ந்தது. அடுத்த சில நாட்களில்தான் வீரர்களுக்கு அளவில்லாமல் சாப்பாடு போடலாம் என்று என்சிஏஏ அனுமதி கொடுத்தது.

சோற்றுக்கு விதி இருந்தது. கூலியாகத் தருவதாகச் சொன்ன படிப்பு உண்மையில் தரப்படுகிறதா என்று பார்க்க ஆள் இருந்தார்களா? அதைத்தான் வடக்கு கரோலினா காட்டிக்கொடுத்தது.

யார் இந்த டெபரா கிரவுடர்?

சேப்பல் ஹில் நகரில் இருக்கும் வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் ஏதோ பேர் தெரியாத கல்லூரி இல்லை. 1795-ல் மாணவர்களைச் சேர்க்க ஆரம்பித்த, நாட்டின் மிகப் பழைய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. மைக்கேல் ஜோர்டான் ஆடியது இங்கேதான். படிப்பிலும் நம்பர் ஒன், ஆட்டத்திலும் நம்பர் ஒன் என்று பெருமை பேசிய இடம்.

இங்கே ஆப்பிரிக்க மற்றும் ஆஃப்ரோ-அமெரிக்க ஆய்வுகள் துறையில் அலுவலக நிர்வாகம் பார்த்தவர் டெபரா கிரவுடர். துறைத் தலைவர் ஜூலியஸ் நியாங்கோரோ. தலைவர் அன்றாட வேலைகளில் பெரிதாகத் தலையிடுவதில்லை. கடிவாளம் கிரவுடர் கையில் இருந்தது.

முதலில் 'தனிப் படிப்பு' என்ற வகையில் இது தொடங்கியது. பேராசிரியரின் நேரடி வழிகாட்டலில் மாணவர் தனியாக ஆய்வு செய்ய வேண்டிய பாடம் அது. இங்கே வழிகாட்டல் என்பதே இல்லை. தலைப்பைக் கொடுப்பதும் கட்டுரையை வாங்குவதும் மார்க் போடுவதும் கிரவுடர்தான். ஒரு மாணவர் இத்தனை தனிப் படிப்புதான் எடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்ததால், 1999 முதல் அதே ஏற்பாட்டை வழக்கமான வகுப்பு போலவே பட்டியலில் போட ஆரம்பித்தார். காகிதத்தில் பார்த்தால் வகுப்பு இருக்கும், நேரில் போனால் அறை காலி. மாணவர்கள் இதற்கு வைத்த பெயர் 'பேப்பர் கிளாஸ்'. ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மூரில் சொல்வார்களே, அதேதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கிரவுடர் இதற்காகக் காசு வாங்கவில்லை. அவரும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். படிக்கிற காலத்தில் தன்னைக் கைதூக்கிவிட ஆளில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தடுமாறும் பிள்ளைகளுக்கு உதவுகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். கூடவே, பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் தீவிர ரசிகை. அணி தோற்றால் ஓரிரு நாள் வேலைக்கே வர முடியாத அளவுக்கு மனசு உடைந்துபோவார் என்று விசாரணை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

நல்ல மனசுதான். அதனால்தான் 18 வருஷம் யாருக்கும் அது குற்றமாகவே தோன்றவில்லை போல.

கவுன்சிலர்களுக்குத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். வீரர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க உதவும் கல்வி ஆலோசகர்கள், மார்க் குறைந்த வீரர்களைத் திட்டமிட்டு இந்த வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். சராசரி மார்க் ஒரு அளவுக்குக் கீழே போனால் வீரர் களத்தில் இறங்க முடியாது. அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட ஒரு 'ஏ' போதும். குறைந்தது 329 மாணவர்களுக்கு ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த பேப்பர் கிளாஸ் மார்க்தான் சராசரியை 2.0-க்கு மேலே நிறுத்தியது என்று பிறகு கணக்கிட்டார்கள்.

2009-ல் கிரவுடர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் பதற்றம் தொற்றிக்கொண்டது. அவர் போவதற்குள் கட்டுரையைக் கொடுத்துவிட வேண்டும், தலைவர் கைக்குப் போனால் அவர் படித்துப் பார்ப்பார், 'சி'யோ 'டி'யோதான் கிடைக்கும் என்று ஆலோசகர்களுக்குள் மின்னஞ்சல் பறந்தது. பேராசிரியர் படித்துப் பார்ப்பார் என்பதே அங்கே ஆபத்தாகிப்போனது!

அந்த ஆண்டு நவம்பரில் ஃபுட்பால் பயிற்சியாளர்களைக் கூப்பிட்டு ஒரு விளக்கக் கூட்டமே போட்டார்கள். வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், விழித்திருக்கக்கூட வேண்டாம் என்ற வகையான பாடங்களில்தான் இவ்வளவு நாள் பையன்களைச் சேர்த்துவந்தோம், இனி அது கிடையாது என்பதுதான் திரையில் காட்டிய ஸ்லைடின் சாரம். கிரவுடர் இல்லாத அந்த முதல் செமஸ்டரில் ஃபுட்பால் அணியின் சராசரி மார்க் 2.121. பத்தாண்டுகளில் அதுதான் மிகக் குறைவு.

மேலிடத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா? ஒரு மூத்த டீனுக்கு வந்தது. தனிப் படிப்புகளின் எண்ணிக்கை அதிகமாக இருக்கிறதே, குறையுங்கள் என்று சொன்னார். எண்ணிக்கை குறைந்தது. ஆனால், வழக்கமான வகுப்பு என்ற போர்வையில் நடந்தவை அப்படியே தொடர்ந்தன. 2006-ல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இதேபோல வாசிப்புப் பாடங்களை அள்ளி வழங்கியதை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அந்த எச்சரிக்கை மணியும் சேப்பல் ஹில்லை எழுப்பவில்லை.

எப்படி மாட்டினார்கள்?

தற்செயலாகத்தான். இந்தக் கதையிலேயே ரொம்ப விசித்திரமான பகுதி இது.

2010-ல் என்சிஏஏ வேறொரு புகாரை விசாரித்துக்கொண்டிருந்தது. ஏஜெண்டுகளிடம் ஃபுட்பால் வீரர்கள் பரிசு வாங்கினார்கள் என்பது அந்தப் புகார். விசாரணையில் மைக்கேல் மெக்அடூ என்ற வீரரும் சிக்கினார். ஒரு கட்டுரையில் மேற்கோள் குறிப்புகளைச் சரிசெய்ய டியூட்டர் அளவுக்கு மீறி உதவினார் என்பது குற்றச்சாட்டு. அவர் இனி கல்லூரி விளையாட்டில் ஆடவே முடியாது என்று நிரந்தரத் தடை வந்தது. 2011-ல் அவர் நீதிமன்றம் போனார். வழக்கு ஆவணங்களோடு அந்தக் கட்டுரையும் பொதுவெளிக்கு வந்தது.

போட்டிப் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? இணையத்தில் வரிவரியாகத் தேடினார்கள். கட்டுரையின் பல பகுதிகள் வேறு இடங்களிலிருந்து அப்படியே எடுத்தவை என்று கண்டுபிடித்தார்கள். டியூட்டரின் குறிப்புகளைத் துருவித் துருவிப் பார்த்த அதிகாரிகள் கண்ணுக்கு இது படவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கட்டுரை ஸ்வாஹிலி மொழிப் பாடத்துக்காக எழுதப்பட்டது. மொழிப் பாடத்தில் மொழியே சொல்லித் தரவில்லை. ஸ்வாஹிலி பண்பாடு பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதுவும் ஒரு பேப்பர் கிளாஸ்! நடக்காத வகுப்பின் கட்டுரைக்கு அடிக்குறிப்பு போட உதவி வாங்கினார் என்று மாணவருக்கு நிரந்தரத் தடை. வகுப்பே நடக்கவில்லையே என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது பத்திரிகைதான். ராலே நகரின் நியூஸ் அண்ட் அப்சர்வர் நாளிதழின் செய்தியாளர் டான் கேன், அந்த நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். 2011 கோடையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வகுப்பில் பதிவு செய்திருந்த 19 பேரும் ஃபுட்பால் அணியில் இருந்தவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள். அந்த வகுப்பை நடத்தாமலே 12,000 டாலர் சம்பளம் வாங்கியதாக நியாங்கோரோ மீது 2013-ல் கிரிமினல் வழக்கு வந்தது. விசாரணைக்கு அவர் ஒத்துழைத்ததால் பிறகு அது கைவிடப்பட்டது.

உள்ளேயிருந்து பேசியவர் மேரி வில்லிங்ஹாம். வீரர்களுக்குப் பாடத்தில் உதவிய கற்றல் நிபுணர். வாசிக்கவே திணறும் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குச் சொல்லித் தராமல் பேப்பர் கிளாஸில் ஒளித்துவைக்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. வீரர்களின் வாசிப்புத் திறன் பற்றி அவர் வெளியிட்ட கணக்கைப் பல்கலைக்கழகம் மறுத்தது, வெளி நிபுணர்களும் அதை ஏற்கவில்லை. ஆனால், போலி வகுப்புகள் பற்றி அவர் சொன்னது உண்மை என்று பிறகு உறுதியானது. 2014-ல் அவர் வேலையை விட்டு விலகினார். அவர் தொடுத்த வழக்கை 3,35,000 டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகம் முடித்துக்கொண்டது.

2005-ல் கோப்பை வென்ற கூடைப்பந்து அணியில் இருந்த ரஷாத் மெக்கன்ட்ஸ், தனக்காக டியூட்டர்கள் கட்டுரை எழுதித் தந்தார்கள் என்று 2014-ல் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியிடம் சொன்னார். அவருடைய பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் அதை மறுத்தார்.

முழுப் படத்தையும் காட்டியது முன்னாள் அரசு வழக்கறிஞர் கென்னத் வைன்ஸ்டீன் தலைமையிலான விசாரணை. 2014 அக்டோபர் 22-ல் அறிக்கை வந்தது. 3,100 மாணவர்கள், 18 ஆண்டுகள் என்ற எண்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். பல்கலைக்கழக மாணவர்களில் விளையாட்டு வீரர்கள் வெறும் 4 சதவீதம்தான், ஆனால் போலி வகுப்புகளில் ஏறக்குறைய பாதி இடம் அவர்களுக்கு. இந்தக் கணக்கு ஒன்றே போதும், யாருக்காக இந்த ஏற்பாடு என்று புரிந்துவிடும்.

அப்புறம் எப்படித் தப்பித்தார்கள்?

மீதிப் பாதிதான் காப்பாற்றியது.

எளிதாக மார்க் கிடைக்கும் வகுப்பு என்ற சேதி மாணவர் விடுதிகளில் பரவி, விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மாணவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகையை வீரர்களுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால்தான் என்சிஏஏ விதிப்படி குற்றம். எல்லோருக்கும் திறந்திருந்த மோசடி என்றால் அது 'சலுகை' ஆகாது. நூறு பேருக்குக் கலப்படப் பால் விற்றவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாக விற்கவில்லையே என்று சொல்வது போல இருக்கிறதா? ஏறக்குறைய அதேதான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. எது கல்வி மோசடி என்று முடிவு செய்யும் உரிமை என்சிஏஏவிடம் இல்லை. அதை அந்தந்தப் பல்கலைக்கழகமே சொல்ல வேண்டும். வடக்கு கரோலினா என்ன சொன்னது? கட்டுரை கேட்டோம், மாணவர்கள் எழுதினார்கள், மார்க் போட்டோம், அந்த மார்க் செல்லும் என்றது.

ஆனால், அதே பல்கலைக்கழகம் 2015-ல் தனக்கு அங்கீகாரம் வழங்கும் கல்வி அமைப்புக்கு எழுதிய கடிதத்தில் 'கல்வி மோசடி' என்ற வார்த்தையையே பயன்படுத்தியிருந்தது. அங்கீகாரம் போய்விடக் கூடாது என்பதால் அங்கே பணிவு. அந்த அமைப்பு ஓராண்டு கண்காணிப்பில் வைத்ததோடு விட்டுவிட்டது. என்சிஏஏ முன்னால் கோப்பைகள் பறிபோகும் நிலை வந்தபோது, அந்தக் கடிதத்தில் இருந்தது தட்டச்சுப் பிழை என்று விளக்கம் கொடுத்தார்கள்.

தட்டச்சுப் பிழை! இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

சாதாரண மனிதர்கள் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் பார்த்தால், வீரர்கள் மோசடியாக மார்க் பெற்றதற்கே வாய்ப்பு அதிகம் என்று தீர்ப்பளித்த குழுவே எழுதியது. ஆனாலும் விதிப்புத்தகத்தின்படி குற்றத்தை நிறுவ முடியவில்லை என்று முடித்தது. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று நியாங்கோரோ மீது மட்டும் 5 ஆண்டுக் கட்டுப்பாடு. 2005, 2009 கூடைப்பந்துக் கோப்பைகள் பல்கலைக்கழகத்திடமே இருந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்த 2017 ஏப்ரலில் இன்னொன்றும் சேர்ந்தது. ஏஜெண்டு பரிசு உள்ளிட்ட விவகாரங்களுக்காக ஃபுட்பால் அணி ஏற்கெனவே 2012-ல் தண்டனை வாங்கியிருந்தது. காசு விஷயத்தில் என்சிஏஏவின் கை எப்போதும் நீளம்.

இந்த விவகாரத்தில் பல்கலைக்கழகம் வக்கீல்களுக்கும் மற்ற செலவுகளுக்கும் கொடுத்தது சுமார் 1.8 கோடி டாலர்.

நஷ்டம் யாருக்கு?

மெக்அடூ 2014-ல் இன்னொரு வழக்குப் போட்டார். நல்ல படிப்பு தருகிறோம் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள், வந்த பிறகு இந்த வகுப்புகள் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பது அவரது வாதம். கல்லூரி ஃபுட்பால் வீரர்களில் மிகச் சிலரே தொழில்முறை அணிகளுக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு ஆட்டம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் முடிந்துவிடும். கையில் மிஞ்சுவது பட்டம் மட்டும். அந்தப் பட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை என்றால், நாலு வருஷம் முட்டியை உடைத்துக்கொண்டு ஆடியதற்கு அவர்களுக்குக் கூலியே கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இன்னொரு நஷ்டம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென ஒரு துறை வருவதற்கே போராட வேண்டியிருந்தது. இந்தத் துறையில் ஒழுங்காகப் பாடம் நடத்திய பேராசிரியர்களும், ஆர்வத்தோடு படித்த மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் வாங்கிய பட்டத்தையும் ஊர் சந்தேகமாகப் பார்த்தது.

இப்போது நிலைமை மாறிவிட்டதா?

பணம் விஷயத்தில் தலைகீழாக மாறிவிட்டது. 2021 ஜூன் 21-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்து நாள் கழித்து, ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூன் 6-ல் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு சமரசப்படி, முன்னாள், இந்நாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பங்கிட்டுத் தரலாம். ஏ.ஜே. கிரீன் இன்றைக்குப் படித்துக்கொண்டிருந்தால் ஜெர்சியில் கையெழுத்துப் போட்டே சம்பாதித்திருப்பார்.

படிப்பு விஷயத்தில் அந்த வேகம் இல்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு 2018 ஏப்ரலில் கொடுத்த அறிக்கையில், எல்லா மாணவர்களும்தானே பலன் அடைந்தார்கள் என்ற வாதத்தைச் சொல்லி இனி எந்தப் பல்கலைக்கழகமும் தப்பிக்க விடக் கூடாது என்று நேரடியாகவே சொன்னது. அதற்கு முன்பே, 2016 ஆகஸ்டில், கல்வி முறைகேடு விதிகளை என்சிஏஏ கொஞ்சம் இறுக்கியிருந்தது. வடக்கு கரோலினா விவகாரம் அதற்கு முந்தைய காலத்தது என்பதால் அந்த வழக்கில் அது செல்லுபடியாகவில்லை. இறுக்கிய பிறகும், நடந்தது முறைகேடா என்று தன் சொந்த விதிகளைப் பார்த்து முதலில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம்தான்.

ஹவுஸ் சமரசத்துக்குப் பிறகு 'காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன்' என்று ஒரு புதிய அமைப்பு வந்திருக்கிறது. வீரர்கள் 600 டாலர் அல்லது அதற்கு மேல் வெளியாருடன் போடும் விளம்பர ஒப்பந்தங்களை ஒரு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அது நியாயமான விலைதானா என்று சரிபார்ப்பார்கள். வகுப்பு நடந்ததா, கட்டுரையை யார் படித்தார்கள் என்பதெல்லாம் அந்த அமைப்பின் வேலைப் பட்டியலில் இல்லை.